இடது கை வரும் வரை

எனக்குப் பொறுமை கிடையாது. மற்றவர்கள் சொல்லித் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டுக்கல் ஊர்க்கடைசியில் இருக்கும் எங்கள் சிற்றாலயத்தில் கீபோர்டு வாசிக்கிறேன். இரண்டு இடத்திலும் என் வாய்க்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. பாடகர் குழுவில் ரிதம் பேட் அடிக்கிறவர் என் வீட்டுக்காரர். ரப்பர்ச் சதுரங்கள் பதித்த ஒரு மின்தட்டு அது. குச்சியால் ஒரு சதுரத்தைத் தட்டினால் தபேலா கேட்கும், இன்னொன்றைத் தட்டினால் டிரம் கேட்கும். என்னிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவரும் அவர்தான். "தாளத்த இழுக்காதீங்க, இழுக்காதீங்க" என்று பயிற்சியின் நடுவில் எல்லார் முன்னாலும் கத்துவேன். அவர் குச்சியால் காதோரம் சொறிந்துகொண்டு, "சரி சரி, நீ வாசி" என்பார். சண்டை அதோடு முடிந்துவிடும்.

இந்த வருடம் பொங்கல் கழிந்த வாரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பம்ப் மோட்டார் உதிரிபாகம் விற்கும் கடை அவருடையது. எரியோட்டிலிருந்து தோட்டத்து மோட்டாருக்காக வந்த ஒரு சம்சாரிக்கு வால்வு எடுத்துக் கொடுக்கும்போது அது இடது கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. குனிந்து எடுத்தவர் நிமிரும்போது வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. அந்தச் சம்சாரி வால்வையும் மறந்து, பேரத்தையும் மறந்து, தன் வண்டியிலேயே தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார். நேரத்துக்கு வந்ததால் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னார்.

ஒரு மாதத்தில் நடை வந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். பைக் ஓட்டக் கூடாது என்றார்கள். சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார். கடையில் அரை நாள்தான் உட்கார வேண்டும் என்றார்கள், தலையாட்டினார். உப்பைக் குறை, மாடிப்படி ஏறாதே, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதிர்த்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஈஸ்டருக்கு நான்தான் அடிப்பேன். அதுல மட்டும் யாரும் தலையிடக் கூடாது."

தவக்காலம் தொடங்கியிருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் எங்கள் கோயிலில் தாளவாத்தியம் கிடையாது. கீபோர்டு மட்டும் பாட்டுக்குச் சுதி கொடுக்கும் அளவுக்கு மெதுவாகக் கேட்கும். பேடை உறை போட்டு மூலையில் சாத்திவிடுவோம். ஈஸ்டரன்று உறையைக் கழற்றும்போது குழுவில் எல்லாருக்கும் கொஞ்சம் பரபரப்பாகத்தான் இருக்கும், நாற்பது நாள் கறி தின்னாதவனுக்கு முன்னால் சட்டியைத் திறந்த மாதிரி. அதனால் அவரை யாரும் அப்போதைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பேடை வீட்டுக்குக் கொண்டுவந்து சாயங்காலங்களில் பழகிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். வலது கை பழையபடியே இருந்தது. இடது கை பிந்தி வந்தது. ரொம்ப இல்லை, கண் சிமிட்டுவதில் பாதி. ஆனால் தாளத்தில் அது அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேர் வாசல்படியில் முட்டிக்கொள்வது போல ஒரு சத்தம். எட்டி அவர் முகத்தைப் பார்த்தேன். நிம்மதியாக இருந்தது.

"பழையபடி வந்துருச்சுல்ல?" என்றார்.

எதற்கெடுத்தாலும் கத்துகிற நான் "ம்" என்று சொல்லிவிட்டு அடுப்பில் இருந்த வெஞ்சனத்தைக் கிண்டப் போனேன். பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். "சாருக்கு அது சரியாத்தான் தெரியும் மேடம். தட்டணும்னு நெனச்ச நேரத்தையே தட்டுன நேரம்னு எடுத்துக்கிறாரு" என்றாள். போகப் போகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றாள்.

எங்கள் குழுவை நடத்துகிறவர் பேங்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. நல்ல குரல், அதைவிட நல்ல காது. ஒரு நாள் என் வீட்டுக்காரரைப் பார்க்க வந்த தம்பி இரண்டு பாட்டுக்கு அடிக்கச் சொல்லிக் கேட்டார். டீ குடித்தார். "சூப்பர்ண்ணே" என்றார். நான் கேட் வரைக்கும் கூடப் போனேன்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. ஈஸ்டருக்கு மிஷின் ரிதத்த ஓட விட்டுருவோம். அண்ணன் ரெஸ்ட் எடுக்கட்டும்."

"ரெஸ்ட்டு யாருக்குத் தம்பி? அவருக்கா, உங்க காதுக்கா?"

தம்பி வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. குழுவில் ஒன்பது பேர், தாளம் ஆடினால் ஒன்பது பேரும் ஒன்பது பக்கம் போய்விடுவார்கள் என்று எனக்கும் தெரியும். கேட்டில் கை வைத்தபடி அவரே இன்னொரு வழி சொன்னார்.

"அண்ணன் உக்காந்து அடிக்கட்டும் டீச்சர். அண்ணனோட வயர மட்டும் ஸ்பீக்கருக்குப் போற மிக்ஸர்ல சொருக வேணாம். மிஷின் ஓடட்டும். அண்ணனுக்கும் சந்தோஷம், பாட்டுக்கும் பழுதில்ல."

இதற்குத்தான் நான் கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. கீபோர்டில் ஏற்கெனவே இருக்கும் மிஷின் தாளத்தைப் போட்டால் நாலு அடியிலேயே அவர் கண்டுபிடித்துவிடுவார், அவர் அடிக்கிற மாதிரியே அடிக்கிற ஒன்றைப் போட்டால்தான் கண்டுபிடிக்க மாட்டார் என்று சொன்னேன். ஒரு மோசடியைக் கேட்டுவிட்டு, அதைச் சுத்தமாகச் செய்வது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு அவர் அந்தப் பேடுக்குப் பின்னால் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

வேண்டிய சரக்கு என்னிடம் இருந்தது. ஆறு வருடங்களாக எங்கள் கீபோர்டும் பேடும் என் பழைய லேப்டாப்போடு வயரில் இணைந்திருக்கும். சனிக்கிழமைப் பயிற்சி, ஞாயிறு பூசை, எல்லாம் அதில் சேரும். ஒலியைப் பிடித்து வைப்பதில்லை. யார் எதை, எந்த நொடியில், எவ்வளவு அழுத்தித் தட்டினார் என்ற குறிப்பு மட்டும். எதையும் அழிக்க மனசு வராதது எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு வருகிற வியாதி.

முதலில் நேராக எழுதிப் பார்த்தேன். இந்தத் தாளம், இந்த வேகம், ஒவ்வொரு அடியும் அதனதன் இடத்தில். பேங்க் தம்பிக்கு போனில் அனுப்பினேன். "சாமி கோயில்ல பூசை நேரத்துல கரண்டுல மணியும் முரசும் அடிக்குமே, அந்த மிஷின் மாதிரி இருக்கு டீச்சர்" என்று பதில் வந்தது. சரி, மனிதன் என்றால் தப்பு செய்வான் என்று நினைத்து, ஒவ்வொரு அடியையும் முன்னும் பின்னும் கொஞ்சம் கலைத்துவிட்டேன், பகடை உருட்டிய மாதிரி. அதைக் கேட்டுவிட்டுத் தம்பி சிரிப்புப் படம் ஒன்று அனுப்பினார். எனக்கே தெரிந்தது. தண்ணியடித்துவிட்டு வந்தவன் வாசித்த மாதிரி இருந்தது.

மண்டை காய்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் ஆறு வருடக் குறிப்பைத் திறந்து அவருடைய பிசகுகளை ஒழுங்காகப் பார்த்தேன். அவை பகடை அல்ல. ஓர் அடி பிந்தினால் அடுத்த நாலைந்து அடியும் அந்தப் பிந்தலை ஞாபகம் வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல அதிலிருந்து மீண்டன. பல்லவி திரும்பும்போது ஓர் எட்டு முன்னால் போனார். பாடுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடத்துக்கு முன் அடியை மென்மையாக்கினார். ஒவ்வொரு பிசகுக்கும் அதற்கு முந்தைய பிசகோடு சொந்தபந்தம் இருந்தது. இதுவரை நடந்ததைப் பார்த்து அடுத்த அடி எப்போது விழும் என்று ஊகிக்கிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் நிரலை எழுதி, அவருடைய குறிப்பு முழுவதையும் அதற்குப் புகட்டினேன். கற்றுக்கொண்டது.

கற்றுக்கொள்ளக் கூடாததையும் கற்றுக்கொண்டது. காணிக்கைப் பாட்டைப் போட்டால் நிற்கவே மாட்டேன் என்றது. கடைசி வரி, மறுபடி கடைசி வரி, இன்னும் ஒரு முறை கடைசி வரி. எங்கேயோ கோளாறு என்று இரண்டு சாயங்காலம் தேடினேன். கோளாறு இல்லை. பலிபீடத்தில் ஃபாதர் கை கழுவித் துடைத்து முடிக்கும் வரைக்கும் நாங்கள் கடைசி வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுவோம். இது ஃபாதருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஆனால் நிரலில் அடிப்பது அவரேதான். ஜனவரிக்கு முந்தைய அவர். முதல் முறை முழுதாகக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. அதைத் துடைத்துவிட்டு ஒலி அளவைச் சரி செய்தேன்.

அவர் குளிக்கும் நேரம் பார்த்துத்தான் சோதித்துப் பார்ப்பேன். ஒரு நாள் தலையைத் துவட்டிக்கொண்டே சீக்கிரம் வெளியே வந்துவிட்டார். நான் நிறுத்துவதற்குள் கேட்டுவிட்டார்.

"யாரு இது?"

"நெட்டுல யாரோ. பசங்களுக்குக் காட்டுறதுக்காக எடுத்தேன்."

"நல்லா அடிக்கிறானே! நிறுத்தாத, செத்த நேரம் ஓட விடு." நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தன்னைத்தான் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. "பாத்தியா, மூணாவது வரியில நின்னுட்டு வாரான். கூட வாசிக்கிறவங்களுக்காக நிக்கிறான்."

"கூட யாரும் வாசிக்கலீங்க. அவன் மட்டும்தான்."

"வாசிக்கிறாங்க. இல்லாட்டி எதுக்கு நிக்கப் போறான்?" என்று சொல்லிவிட்டுச் சட்டையை எடுக்கப் போனார்.

அவர் கடைக்குப் போனதும் மூன்றாவது வரியைப் பிரித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் என் இடது கை, மூன்று கட்டைகளை ஒன்றாக அழுத்தும் ஒரு சுருதிக்கூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். தூரம் அதிகம், என் கை சின்னது. என் கீபோர்டுக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தத் தாவலில் ஒவ்வொரு முறையும் நான் பிந்தியிருந்தேன். அவருடைய அடியும் அதே அளவு பிந்தி, என்னோடு சேர்ந்து விழுந்திருந்தது. சரி, இந்த மனிதர் இழுத்ததால்தானே நான் பிந்தினேன் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதி. அதையும் சோதித்துப் பார்த்தேன். பரீட்சை டியூட்டியால் நான் வராத சில ஞாயிறுகள் உண்டு. கன்னிவாடிப் பக்கம் காலேஜில் படிக்கும் ஒரு பெண் எனக்குப் பதில் வாசிப்பாள். அந்த நாட்களில் அதே பாட்டு, அதே மூன்றாவது வரி, அவருடைய அடி ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. இழுப்பு இல்லை, நிற்பதும் இல்லை.

வேறு பாட்டுகளைத் திறந்தேன். என் கை தாவும் இடமெல்லாம் இதே கதை. ஆறு வருடத்துக்குக் குறிப்பு இருக்கிறது; அதற்கு முன்பும் இப்படித்தான் இருந்திருக்கும். என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் நின்ற இடங்களைப் பிடித்துத்தான் நான் அத்தனை பேர் முன்னாலும் "இழுக்காதீங்க" என்று கத்தியிருக்கிறேன்.

முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மனுஷன்! அப்புறம் வெட்கமாக இருந்தது. அன்று பள்ளிக்கூடத்தில் மூன்று பிரிவேளைகள் எடுத்தேன், என்ன எடுத்தேன் என்று ஞாபகமில்லை. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார். அதைச் சொன்னால் ஈஸ்டருக்கு நாங்கள் போட்டு வைத்திருந்த திட்டத்தையும் சொல்ல வேண்டும். பேங்க் தம்பியோ நிரலைக் கேட்டுவிட்டு, "அண்ணனேதான் டீச்சர்! நீங்க பெரிய ஆளு" என்று எல்லா ஏற்பாட்டையும் முடித்திருந்தார்.

எங்கள் சிற்றாலயத்தில் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரிப் பாஸ்கா பூசை கிடையாது, அது பங்குக் கோயிலில் நடக்கும். எங்களுக்கு மறுநாள் காலை ஏழரை மணிப் பூசைதான். ஏழு மணிக்கே அவர் புதுச்சட்டையோடு வந்து, பேடின் உறையைக் கழற்றி, ஒவ்வொரு சதுரத்தையும் கைக்குட்டையால் துடைத்தார். பேடிலிருந்து வந்த வயர் மேசைக்குப் பின்னால் எதிலும் சேராமல் சும்மா தொங்கியது. அதன் இடத்தில் என் லேப்டாப்பின் வயர் மிக்ஸரில் சொருகியிருந்தது. தம்பி எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். நான் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

வாசலில் ஃபாதரும் பீடச் சிறுவர்களும் வரிசையில் நின்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் குச்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், தொடங்கலாமா என்று. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்தப் பொத்தானை அழுத்த முடியவில்லை. எழுந்து மிக்ஸரிடம் போய் லேப்டாப் வயரைப் பிடுங்கிவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த வயரைச் சொருகினேன்.

"டீச்சர்!" என்றார் தம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"சார்ஜ் இல்ல."

"பிளக்குலதான டீச்சர் இருக்கு?"

"தம்பி, பாடுங்க."

வருகைப் பாட்டு. முதல் சரணம் நாசமாய்ப் போனது. அவருக்காக வேண்டுமென்றே பிந்துவது, தெரியாமல் பிந்துவதைவிடக் கஷ்டம். என் கை தன்பாட்டுக்கு நியாயமாக நேரத்துக்குப் போய் நின்றது, அவருடைய இடது கை அதற்கப்புறம் வந்து சேர்ந்தது. பாடுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன் வரிசையில் ஓர் அம்மா தலையைத் திருப்பியே பார்த்துவிட்டார். இவ்வளவு பிந்துகிறார் என்று கணக்கு வைத்துக்கொண்டு அந்த அளவுக்கு நானும் பிந்திப் பார்த்தேன். அதுவும் சேரவில்லை. களைத்தால் கூடுதலாகப் பிந்தினார், உற்சாகம் வந்தால் குறைந்தது. நிரலெழுதிப் பழகிய மூளையை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஒரு கையை மட்டும் கேட்க ஆரம்பித்தேன். வலது கை விழும்போது போகவில்லை, இடது கை விழும் வரை நின்றேன். இரண்டாவது சரணத்தில் ஓரளவு பிடி கிடைத்தது. என் கீபோர்டு நின்றதால் பாடுகிறவர்களும் நின்றார்கள். பாட்டு முழுவதும் கனமாக, மெதுவாக நகர்ந்தது. ஃபாதர் பீடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு முழுச் சரணம் மிச்சமிருந்தது. அவர் கையைக் கூப்பியபடி காத்துக்கொண்டு நின்றார்.

அல்லேலூயாவில் இரண்டு இடத்தில் தடுமாறினோம். காணிக்கைப் பாட்டு பரவாயில்லை. நன்றிப் பாட்டுக்கு வரும்போது என் தோள் இரண்டும் இறுகிப்போயிருந்தன. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் கடைசிப் பல்லவியில் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று, என் கையும் அவர் கையும் ஒன்றாக விழுந்தன.

பூசை முடிந்து எல்லாருக்கும் கோயில் வாசலில் இட்லியும் கறிக்குழம்பும் கொடுத்தார்கள். ஆயக்குடியிலிருந்து ஒரு குடும்பம் கொய்யாப்பழம் ஒரு கூடை கொண்டுவந்திருந்தது. ஆட்கள் வந்து அவர் கையைப் பிடித்து, "நல்லாயிட்டீங்களே, அம்புட்டு சந்தோஷம்" என்றார்கள். பேங்க் தம்பி இலையை மடித்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "கொஞ்சம் ஸ்லோவாப் போயிருச்சு டீச்சர்" என்றார். "ஆமா தம்பி" என்றேன். "அடுத்த வாரம்?" என்றார். "அடுத்த வாரமும் அவருதான்" என்றேன். வேறு நாளாயிருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருப்பேன். தம்பி என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரி டீச்சர், பாட்டோட வேகத்தக் கொறச்சே எடுப்போம்" என்றார். நல்ல பிள்ளை.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். பேடை மடியில் வைத்துக்கொண்டிருந்தார், இடது கையை அதன் மேல் போட்டிருந்தார். ரயில்வே கேட் மூடியிருந்ததால் ஆட்டோ நின்றது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இன்னைக்கு உனக்கு என்ன ஆச்சு?"

"ஏங்க?"

"ஆரம்பத்துலருந்து லேட்டு. எப்பவும் அந்தத் தாவுற எடத்துல மட்டுந்தான் லேட் ஆவ. இன்னைக்கு எல்லா எடத்துலயும் லேட்டு. கை கிய் வலிக்குதா?"

நான் பேடின் மேல் கிடந்த அவருடைய இடது கையைப் பார்த்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"சரி விடு, மொகத்த அப்பிடி வச்சுக்காத" என்றார், குரலைத் தாழ்த்தி. "நான் ஒங்கூடவே நின்னுட்டேன்ல. ஒருத்தருக்கும் தெரியல."

"சரிங்க" என்றேன். "அடுத்த வாரமும் நில்லுங்க."